கணினி வந்த வழி – 12: எழுதுவது யார், இயக்குவது யார்?

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணித ஆய்வகத்தில் எட்சாக் கணினி இருந்த அறையில் ஒரு கொடி கட்டியிருந்தார்கள். வீட்டில் துணி காயப்போடும் கொடி மாதிரிதான். அதில் கிளிப் போட்டுத் தொங்கியவை துளையிட்ட காகித நாடாக்கள். ஆபரேட்டர் ஒரு முனையிலிருந்து நாடாவை எடுத்துக் கணினிக்குக் கொடுப்பார். ஓடி முடிந்ததும் அடுத்த நாடா. ஒவ்வொன்றும் ஒருவருடைய நிரல், ஒருவருடைய கணக்கு.

யாருடைய கணக்கு என்பதுதான் இந்த அத்தியாயத்துக்கு வேண்டிய செய்தி. ஒன்று வேதியியல்காரருடையதாக இருக்கும், இன்னொன்று ரேடியோ வானியல் குழுவினுடையது. மயோகுளோபின் என்ற புரதத்தின் வடிவத்தைத் தேடிக்கொண்டிருந்த ஜான் கெண்ட்ரூ, ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் பென்னட்டோடு உட்கார்ந்து எக்ஸ்ரே கணக்குகளுக்கு நிரல் எழுதினார். கெண்ட்ரூவுக்கு 1962இல் நோபல் பரிசு கிடைத்தது. கணக்கு யாருடையதோ அவரே நிரலையும் எழுதிக்கொள்வது கேம்பிரிட்ஜ் வழக்கம். ஆய்வகத் தலைவர் மாரிஸ் வில்க்ஸ் விரும்பியதும் அதைத்தான்.

விரும்பினால் போதுமா? வந்தவர்களுக்குக் கற்றுத்தர வேண்டுமே. எட்சாக் தன் முதல் நிரலை ஓட்டியது 1949 மே 6 அன்று. மறு ஆண்டே கோடைப் பயிற்சி வகுப்பைத் தொடங்கிவிட்டார்கள். 1951இல் நெதர்லாந்திலிருந்து அந்த வகுப்புக்கு வந்த இளைஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. பிற்பாடு கணினி இயலின் பெரிய பெயர்களில் ஒன்றாகப் போகிறவர். அதே 1951இல் வில்க்ஸ், டேவிட் வீலர், ஸ்டான்லி கில் மூவரும் சேர்ந்து நிரல் எழுதும் கலைக்கு ஒரு பாடநூலும் கொண்டுவந்தார்கள். அப்போது ஆய்வகத்தின் அலமாரியில் 87 துணை நிரல்கள் நாடாக்களாக இருந்தன. எட்சாக்குக்கு வகுத்தல் கணக்கு செய்யக் கட்டளையே கிடையாது. வகுக்க வேண்டியவர் அலமாரியைத் திறந்து, அதற்கான நாடாவை எடுத்து, இயந்திரத்தில் போட்டுத் தன் நாடாவில் நகல் எடுத்துக்கொள்வார். உயிரியல் படித்தவரும் நிரல் எழுத முடிந்ததற்கு அந்த அலமாரிதான் முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் ஒரு தொல்லை முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது. 1949 ஜூனில் வில்க்ஸ் தானே ஒரு வகையீட்டுச் சமன்பாட்டுக்கு நிரல் எழுதினார். மொத்தம் 126 வரி. பல ஆண்டுகள் கழித்து அந்த நாடா கிடைத்து ஆராய்ந்தபோது, அதில் சுமார் இருபது பிழைகள் இருந்தன. இனித் தன் வாழ்நாளில் பெரும்பகுதி தன் நிரலில் உள்ள பிழைகளைத் தேடுவதிலேயே போகப்போகிறது என்பது அந்த நாட்களில்தான் உறைத்தது என்று வில்க்ஸ் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். கணினியைக் கட்டியவருக்கே இந்த கதி.

பிழை தேடுவது என்றால் கணினிக்கு முன்னால் உட்காருவது. எட்சாக்கின் நினைவகத்தில் இருப்பதைச் சிறிய திரையில் புள்ளிகளாகப் பார்க்கலாம். ஒரு கட்டளை, ஒரு நிறுத்தம், திரையில் ஒரு பார்வை, பிறகு அடுத்த கட்டளை என்று படிப்படியாக ஓட்டலாம். எழுதியவருக்கு இதைவிட வசதி இல்லை. கொடியில் காத்திருக்கும் மற்றவர்களுக்கோ இதைவிட எரிச்சல் இல்லை. இந்த எட்டிப்பார்க்கும் பழக்கத்தை வில்க்ஸ் குழு ஒடுக்கப் பார்த்தது. நிரல் ஓடும்போதே தன் போக்கைக் காகிதத்தில் அச்சிடும் துணை நிரல்களை கில் எழுதினார். காகிதத்தை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போ, அங்கே உட்கார்ந்து யோசி என்பது அதன் பொருள். பகலில் ஆபரேட்டர் கையில் கணினி. இரவில் மட்டும் அனுமதி பெற்றவர்கள் தாங்களே ஓட்டலாம். எல்லோரையும் எழுதச் சொன்ன இடத்திலேயே, எழுதியவரைக் கணினியிலிருந்து தள்ளி நிறுத்தும் வேலையும் தொடங்கிவிட்டது.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் கதை வேறு திசையில் போனது. ஹெர்மன் கோல்ட்ஸ்டைனும் ஜான் வான் நாய்மனும் 1947-48இல் எழுதிய அறிக்கைகளில் வேலையைப் பிரித்திருந்தார்கள். கணிதம் தெரிந்தவர் போக்குப் படம் வரைவார். கோடர் அதைக் கட்டளைகளாக மாற்றுவார். முன்னது மூளை வேலை, பின்னது குமாஸ்தா வேலை என்ற எண்ணம் அதில் இருந்தது. எனியாக் கணினியை இயக்கிய ஆறு பெண்களின் அனுபவம் இதற்கு நேர்மாறாக, கட்டளை எழுதுவதும் மூளை வேலைதான் என்று காட்டியது என்றாலும், அமெரிக்க நிறுவனங்கள் பிடித்துக்கொண்டது இந்தப் பிரிவினையைத்தான்.

1952இல் ஐபிஎம் 701 அறிமுகமானது. செய்தவை மொத்தம் 19. வாங்கியவர்கள் என்று சொல்லக்கூடாது, மாத வாடகைக்கு எடுத்தவர்கள்: விமானக் கம்பெனிகள், லாஸ் அலமோஸ் போன்ற அணு ஆய்வுக் கூடங்கள். ஒரு விமானக் கம்பெனியில் இறக்கையின் அதிர்வைக் கணக்கிட வேண்டிய பொறியாளர் என்ன செய்வார்? சமன்பாடுகளை எழுதிக் கணிப்புப் பிரிவுக்குக் கொடுப்பார். அங்கே ஒரு பகுப்பாய்வாளர் அதைப் படித்து, எண்முறையைத் தேர்ந்தெடுத்து, போக்குப் படம் போடுவார். கோடர் அதைக் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் கட்டளைகளாக எழுதுவார். தாள் பஞ்ச் அறைக்குப் போகும். அங்கே பெரும்பாலும் பெண்கள். ஒருவர் அட்டையில் துளையிட, இன்னொருவர் அதே தாளைப் பார்த்து சரிபார்ப்பு இயந்திரத்தில் மறுபடி தட்டுவார். இரண்டும் ஒத்துப்போனால் அட்டையின் ஓரத்தில் இயந்திரம் ஒரு சின்ன வெட்டு போடும். வெட்டு இல்லாத அட்டை திரும்பிப் போகும். கடைசியில் அட்டைக் கட்டு கணினி அறைக்கு, விடை பொறியாளருக்கு. விடை வந்தபின்தான் பல சமயம் தெரியும், பகுப்பாய்வாளர் புரிந்துகொண்ட கேள்வி வேறு என்று.

நிரல் எழுதும் வேலையை ஒரே பிரிவின் கையில் வைத்திருந்த இந்த ஏற்பாட்டை அந்தத் தொழிலில் 'க்ளோஸ்டு ஷாப்' என்றார்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று விட்ட இடம் 'ஓப்பன் ஷாப்'. ஐம்பதுகளின் நடுவில் கணிப்பு மையத் தலைவர்கள் எங்கே கூடினாலும் இந்தச் சண்டை வரும்.

இன்றைக்கு நமக்கு ஓப்பன் ஷாப் பக்கம்தான் மனம் சாயும். ஆனால் எதிர்த்தரப்பைச் சும்மா அதிகார வெறி என்று ஒதுக்கிவிட முடியாது. கணினியின் ஒவ்வொரு நிமிடமும் காசு. 701இன் நினைவகத்தில் இடம் கொஞ்சம். கைதேர்ந்த புரோகிராமர் எழுதினால் பத்து நிமிடத்தில் முடிகிற வேலை, பொறியாளர் எழுதினால் அரை மணி இழுக்கும். முடியாமலே போகவும் கூடும். ஒரே கணக்குக்கு ஐந்து பேர் ஐந்து நிரல் எழுதுவார்கள், ஒன்றுக்கும் குறிப்பு இருக்காது. எழுதியவர் வேலையை விட்டுப் போனால் நிரலும் போனது மாதிரிதான். இவையெல்லாம் உண்மையான குறைகள்.

புரோகிராமர்களுக்குள்ளேயே இந்த விரயம் தெரிந்திருந்தது. 1955 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்து விமானக் கம்பெனிக்காரர்களும் மற்றவர்களும் சான்டா மோனிகாவின் ராண்ட் நிறுவனத்தில் கூடி 'ஷேர்' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். வரவிருந்த ஐபிஎம் 704க்கு ஆளாளுக்குத் தனித்தனியே அசெம்ப்ளர் (சுருக்கக் குறியீடுகளை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் நிரல்) எழுத வேண்டாம், ஒருவர் எழுதியதை எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. யுனைட்டெட் ஏர்கிராஃப்டின் ராய் நட் எழுதியது தேர்வானது. சந்தையில் போட்டியாளர்கள், கணினி அறையில் கூட்டாளிகள்.

இன்னொரு பெரிய குறை, ஆள் பஞ்சம். கணினிகள் பெருகிய வேகத்துக்குப் புரோகிராமர்கள் பெருகவில்லை. ஐபிஎம்மில் இருந்த ஜான் பேக்கஸ் இதைக் காசாகக் கணக்குப் போட்டார். ஒரு கணிப்பு மையத்தில் புரோகிராமர்களுக்கு ஆகும் செலவு குறைந்தபட்சம் கணினிக்கு ஆகும் செலவுக்குச் சமம். அதோடு, கணினி நேரத்தில் கால்பங்கு முதல் பாதிவரை பிழை திருத்துவதிலேயே போகிறது. ஆக மொத்தச் செலவில் முக்கால் பங்குவரை நிரல் எழுதுவதும் திருத்துவதும்தான். 1953 கடைசியில் தன் மேலாளர் கத்பர்ட் ஹர்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஃபோர்ட்ரான் திட்டம் அங்கே பிறந்தது.

கணித வாய்பாட்டையே எழுது, கட்டளைகளைக் கணினி தயாரித்துக்கொள்ளும் என்பதுதான் ஃபோர்ட்ரானின் யோசனை. அது புதிதில்லை. பேக்கஸே 701க்கு ஸ்பீட்கோடிங் என்று ஒன்று செய்திருந்தார். எழுத எளிது, ஓடுவதற்கு மெதுவு. அந்த மெதுவை 701இல் யாரும் பெரிதுபடுத்தவில்லை. தசமப்புள்ளி இடம்பெயரும் எண்களைக் கையாள 701க்கு நேரடி வசதி கிடையாது. எப்படி எழுதினாலும் துணை நிரல்களை அழைத்து நேரத்தைச் செலவழித்தே ஆக வேண்டும். அந்தப் பெரிய செலவின் நிழலில் ஸ்பீட்கோடிங்கின் செலவு மறைந்துபோனது. 704இல் அந்த வசதி வன்பொருளிலேயே வந்துவிட்டது. நிழல் போயிற்று. இனி எந்தத் தானியங்கி முறை தயாரிக்கும் கட்டளைகளும் கைதேர்ந்தவர் எழுதியதற்கு ஈடாக ஓடாவிட்டால் ஒருவரும் தொடமாட்டார்கள். இயந்திரம் அப்படி எழுதிவிடும் என்பதைப் புரோகிராமர்கள் நம்பத் தயாராக இல்லை. அவர்களைப் பூசாரிக் கூட்டம் என்று பேக்கஸ் பிற்காலத்தில் வர்ணித்தார். தானும் அதில் ஒருவராக இருந்தவர் என்பதால் அவருக்குச் சொல்லும் உரிமை உண்டு.

1954 ஜனவரியில் பேக்கஸும் இர்விங் ஸில்லரும் ஆரம்பித்த வேலையில் ஹார்லன் ஹெரிக், லோயிஸ் ஹைப்ட், ஷெல்டன் பெஸ்ட், டேவிட் சேயர் என ஆட்கள் சேர்ந்தார்கள்; ஷேர் அசெம்ப்ளர் எழுதிய ராய் நட்டும் வந்தார். எப்போது முடியும் என்று யார் கேட்டாலும் ஒரே பதில்: இன்னும் ஆறு மாதம். மூன்று வருடம் இதே பதில். பகலில் 704 கிடைக்காது. அதனால் நியூயார்க் 56ஆம் தெருவில் லாங்டன் ஹோட்டலில் அறை எடுத்துப் பகலில் கொஞ்சம் தூங்கிவிட்டு, இரவு முழுக்கக் கணினி அறையில் கிடப்பார்கள்.

1957 ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல், பிட்ஸ்பர்க் அருகே வெஸ்டிங்ஹவுஸின் பெட்டிஸ் அணு ஆய்வுக் கூடத்துக்கு ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. உள்ளே ஏறத்தாழ 2,000 துளை அட்டைகள். எந்த விளக்கமும் இல்லை. பல நாளாக எதிர்பார்த்த ஃபோர்ட்ரானாகத்தான் இருக்கும் என்று அங்கே வேலை பார்த்த ஹெர்பர்ட் பிரைட்டும் நண்பர்களும் ஊகித்தார்கள். கட்டை 704இல் ஏற்றி, தயாராக வைத்திருந்த ஒரு சோதனை நிரலையும் கொடுத்தார்கள். அச்சு இயந்திரம் ஒரு வரி அடித்தது: மூல நிரலில் பிழை, இந்தக் கட்டளையில் வலது அடைப்புக்குறிக்குப் பின் காற்புள்ளி இல்லை. பார்த்தால், உண்மையிலேயே இல்லை. அட்டையைத் திருத்தி மறுபடி கொடுத்தார்கள். இந்த முறை விடைகள் பக்கம் பக்கமாக வந்து விழுந்தன.

அவ்வளவு காலமும் பிழையான நிரலைக் கொடுத்தால் கணினி மௌனமாகத் தப்பான விடை தரும், அல்லது நின்றுபோகும். எங்கே தப்பு என்று அது பெரும்பாலும் சொன்னதில்லை. வெளி ஊரில் ஃபோர்ட்ரான் செய்த முதல் காரியமே ஒரு காற்புள்ளியைக் கேட்டது.

பேக்கஸ் குழு 1957 கட்டுரையில் ஓர் உதாரணம் தருகிறது. ஒருவர் ஒரு நாள் வகுப்புக்கு வந்தார். பிறகு கையேட்டைப் புரட்டிக்கொண்டே நான்கு மணி நேரத்தில் 47 வரியில் நிரலை முடித்தார். 704 அதை ஆறு நிமிடத்தில் சுமார் 1,000 கட்டளைகளாக மாற்றியது. முதலில் விடை தப்பு. தானே ஒரு வரியில் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தினார், சரியாகிவிட்டது. கையால் எழுதியிருந்தால் மூன்று நாள், பிழை திருத்துவது தனி என்பது அவர் மதிப்பீடு. தங்கள் சரக்கைத் தாங்களே புகழும் உதாரணம்தான், அதைக் கட்டுரையே ஒப்புக்கொள்கிறது. ஆனாலும் அந்த ஒரு நாள் வகுப்பைக் கவனியுங்கள். பகுப்பாய்வாளர், கோடர் என்று நின்ற வரிசையை ஒரு நாளில் தாண்டிவிடலாம் என்றாகிவிட்டது. 1958 ஏப்ரலில் 26 மையங்களைக் கேட்டதில், பாதிக்கு மேற்பட்டவை தங்கள் வேலையில் பாதிக்கு மேல் ஃபோர்ட்ரானில்தான் செய்வதாகச் சொன்னன. ஓப்பன் ஷாப் வென்றுவிட்டது என்றே சொல்லலாம்.

ஐந்தாறு ஆண்டுக்குள் நம் நாட்டிலும் இதன் அலை தெரிந்தது. 1963இல் கான்பூர் ஐஐடிக்கு ஐபிஎம் 1620 வந்ததும், ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமனும் சக ஆசிரியர்களும் ஃபோர்ட்ரானை மாணவர்களுக்கு மட்டுமின்றி, வெளியிலிருந்து வந்த விஞ்ஞானிகளுக்கும் பொறியாளர்களுக்கும் சில நாள் வகுப்புகளாகவே நடத்தினார்கள். நிரல் எழுதத் தனி சாதி தேவையில்லை என்பது அதற்குள் கேள்விக்கு இடமில்லாத விஷயமாகியிருந்தது.

இனி இதன் மறுபக்கம். எழுதும் உரிமை பரவிய அதே ஆண்டுகளில் கணினி அறையின் கதவு சாத்தப்பட்டது.

701 காலத்தில் நேரம் ஒதுக்கி வாங்கிக்கொண்ட புரோகிராமர் தானே அறைக்குள் போவார். காந்த நாடாவை மாட்டுவார், அட்டையை அடுக்குவார், பலகையில் ஸ்விட்சுகளைத் தள்ளுவார். இந்த ஆயத்தத்திலேயே அவருக்கான நேரத்தில் பெரும்பகுதி கரையும். கணினி அதுவரை சும்மா நிற்கும். 704இல் இப்படிச் சும்மா நிற்பதைச் சகிக்க முடியாது. ஜெனரல் மோட்டார்ஸின் ராபர்ட் பாட்ரிக்கும் நார்த் அமெரிக்கன் ஏவியேஷனின் ஓவன் மாக்கும் 1956இல் இதற்கு ஒரு வழி செய்தார்கள். பல பேருடைய வேலைகளை முதலிலேயே ஒரே காந்த நாடாவில் வரிசையாக ஏற்றிவிடுவது. ஒன்று முடிந்ததும் அடுத்ததை மனிதக் கை படாமல் தானே எடுக்க ஒரு மேற்பார்வை நிரலை நினைவகத்தில் வைப்பது. இயங்குதளம் என்று இன்று நாம் சொல்வதன் முதல் உருவங்களில் இது ஒன்று. கணினியின் நேரம் மிச்சமானது. புரோகிராமருக்கு அறைக்குள் வேலை இல்லாமல் போனது.

ஃபோர்ட்ரான் இந்த ஏற்பாட்டுக்கு வலு சேர்த்தது. முன்பு கணினி அறையில் மொய்த்தவர்கள் பத்துப் பதினைந்து புரோகிராமர்கள். இப்போது நூற்றுக்கணக்கான பொறியாளர்களும் மாணவர்களும் நிரலோடு வந்து நிற்கிறார்கள். எல்லோரையும் உள்ளே விட முடியுமா? ஆகவே ஒரு ஜன்னல், ஒரு கவுண்ட்டர், ஒரு தட்டு. அட்டைக் கட்டை ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். 704இன் அட்டை வாசிப்பான் 80 பத்திகளில் 72ஐத்தான் படிக்கும். மிச்சமுள்ள எட்டில் வரிசை எண்ணைத் துளையிட்டு வைத்தால், கட்டு கீழே விழுந்து கலைந்தாலும் மறுபடி அடுக்கலாம். அலுப்புப்படுகிறவர்கள் கட்டின் மேல்பக்கம் மார்க்கர் பேனாவால் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். கோடு நேராக வந்தால் அட்டைகளும் வரிசைக்கு வந்துவிட்டன.

விடை வர மணிக்கணக்காகும், அல்லது மறுநாள். பெட்டிஸில் அந்த வெள்ளிக்கிழமை காற்புள்ளியைப் போட்டுவிட்டு உடனே மறுபடி ஓட்ட முடிந்தது, ஏனென்றால் அவர்கள் கணினியின் பக்கத்திலேயே நின்றார்கள். இரண்டே ஆண்டில் அதே காற்புள்ளியின் விலை ஒரு முழு நாள். காலையில் கொடுத்த கட்டோடு மறுநாள் ஒரே ஒரு தாள் வரும், அதில் ஒரே ஒரு வரி: காற்புள்ளி இல்லை. சிலருடைய வேலை முறையே இதனால் மாறிப்போனது. கட்டைக் கொடுக்கும் முன் ஒவ்வொரு வரியையும் மேசையில் வைத்துக் கையால் ஓட்டிப் பார்க்கும் பழக்கம் வந்தது. அது நல்ல பழக்கம் என்று அந்தத் தலைமுறை இன்றும் சாதிக்கும். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. வேறு வழி இல்லாமல் வந்த ஒழுக்கத்தை விரும்பித் தேர்ந்த ஒழுக்கமாகச் சொல்லிக்கொள்வது எல்லாத் தொழிலிலும் உண்டு.

எம்ஐடியில் இருந்த 704க்கு மூன்று ஷிப்ட். ஒன்று எம்ஐடிக்கு, ஒன்று நியூ இங்கிலாந்தின் மற்றக் கல்லூரிகளுக்கு, ஒன்று ஐபிஎம்முக்கே. அந்த வரிசையில் நின்றவர்களில் ஒருவர் ஜான் மெக்கார்த்தி. செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சிக்காரர். ஒரு சோதனை, உடனே ஒரு திருத்தம், மறுபடி ஒரு சோதனை என்றே யோசித்துப் பழகியவர். நாளைக்கு வா என்கிற ஜன்னல் அவருக்குச் சரிப்படவில்லை. 1959 ஜனவரி 1 தேதியிட்டு, கணிப்பு மையத்தின் தலைவர் பிலிப் மோர்ஸுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். அடுத்து வரவிருந்த 709ஐப் பலர் ஒரே சமயத்தில் பயன்படுத்தலாம். ஒருவர் யோசித்துக்கொண்டிருக்கும் இடைவெளியில் கணினி இன்னொருவர் வேலையைப் பார்க்கட்டும். ஒவ்வொருவருக்கும் அது தன் சொந்தக் கணினி போலவே தோன்றும் என்பது அவர் வாதம்.

1961 நவம்பரில் அதே எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கார்பட்டோ நான்கு தட்டச்சு இயந்திரங்களை ஒரு 709உடன் இணைத்து இதைச் செய்து காட்டினார். அது எப்படிச் சாத்தியமானது, ஐபிஎம் ஏன் அதில் பெரிய அக்கறை காட்டவில்லை என்பது அடுத்த அத்தியாயம்.